மியூர் வுட்ஸ் ரெட்வுட் காட்டில் ஒரு எளிய நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் 12 மைல் போனால், தமால்பாயிஸ் மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கு ஒன்றில் மியூர் வுட்ஸ் இருக்கிறது. பெரிய நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கோடாலி படாத ரெட்வுட் காடு மிஞ்சியிருப்பது அபூர்வம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கிற நம்மவர்கள் ஊரிலிருந்து பெற்றோர் வந்தவுடன் கேட்கிற முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மலை ஏற வேண்டியிருக்குமா? அம்மாவுக்கு முட்டி வலி.

வேண்டாம். முக்கியப் பாதை ரெட்வுட் கிரீக் என்ற ஓடையை ஒட்டி, பள்ளத்தாக்கின் தரையிலேயே போகிறது. சில இடங்களில் மரப்பலகை, சில இடங்களில் தார், ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஓடையின் குறுக்கே வரிசையாக நான்கு பாலங்கள் இருக்கின்றன, இங்கே தூரத்தைப் பாலக் கணக்கில்தான் பேசுவார்கள். இரண்டாவது பாலம் வரை போய் எதிர்க்கரை வழியாகத் திரும்பினால் அரை மைல், மூன்றாவது வரை போனால் ஒரு மைல், நான்காவது வரை போனால் இரண்டு மைல். முட்டி வலி உள்ளவர்களுக்கு மூன்றாவது பாலம்தான் சரியான அளவு என்பேன். வழியில் உட்கார பெஞ்சுகள் உண்டு, காட்டின் சிறந்த பகுதியான கதீட்ரல் குரோவும் அந்தப் பாலத்தை ஒட்டியே இருக்கிறது.

குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் இந்த முக்கியப் பாதையில் நன்றாகவே ஓடும். நான்காவது பாலத்திலிருந்து திரும்பும்போது மலைச்சரிவின் மேல் போகிற ஹில்சைடு டிரெயில் மட்டும் வேறு மாதிரி: குறுகலான மண் பாதை, குறுக்கே வேர்கள். நடக்க முடிந்தவர்கள் அதிலேயே திரும்புங்கள். கீழே நின்று கழுத்தை வளைத்துப் பார்த்த மரங்களின் நடு உடம்பு அங்கே கண்ணுக்கு நேராக வரும், கூட்டமும் பாதியாகக் குறைந்திருக்கும்.

முன்பதிவு செய்யாமல் போனால் என்ன ஆகும்?

வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், திரும்பித்தான் வர வேண்டும். 2018 ஜனவரியிலிருந்து பார்க்கிங்குக்கும் ஷட்டில் பஸ்ஸுக்கும் முன்பதிவு கட்டாயம். 'கோ மியூர் வுட்ஸ்' தளத்தில் தேதியும் நேரமும் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்கிங் சுமார் 10 டாலர், ஷட்டில் அதைவிடக் குறைவு. இது தவிர 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணம், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் கையில் இருந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் பார்க்கிங் பணத்தை அது சமாளிக்காது. தொகைகள் அவ்வப்போது மாறும், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. ரிசர்வேஷனை வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியில் போகிறவர்கள் 'அங்கே போய் போன் பண்றேன்' என்று கிளம்ப வேண்டாம், எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஊபரில் போய் இறங்கிவிடலாம், திரும்பி வர வண்டி கூப்பிட வழி இருக்காது.

போகிற வழி வளைவு வளைவாக இருக்கும் என்கிறார்களே?

ஆமாம், கடைசி சில மைல்கள் கொண்டை ஊசி வளைவுகள்தான். காரில் தலைசுற்றல் வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு, வார இறுதிகளில் லார்க்ஸ்பர் படகுத்துறைப் பக்கத்திலிருந்து வருகிற ஷட்டில்தான் நிம்மதி.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், பொழுது சாயும் வரை இருக்கலாம். முதல் நேரத்தையே பதிவு செய்யுங்கள். பத்தரை, பதினொன்று மணிக்குப் பலகைப் பாதையில் நெரிசல் வந்துவிடும், அதற்கப்புறம் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். காலை அவ்வளவு சீக்கிரம் முடியாது என்றால் மாலை கடைசி இரண்டு மணி நேரம்.

பெரும்பாலோர் கோடையில் போகிறார்கள், எனக்குக் குளிர்காலம்தான் பிடித்திருக்கிறது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வாரநாள் காலையில் போய்ப் பாருங்கள். பட்டைகள் நனைந்து சிவப்பு ஏறியிருக்கும், பெரணிகள் நிமிர்ந்திருக்கும், கோடையில் முணுமுணுக்கிற ஓடை அப்போது சத்தமாக ஓடும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் வேண்டாம், கிளைகள் முறிந்து விழும், பாதையை மூடிவிடுவார்கள்.

என்ன உடுத்துவது?

ஆண்டு முழுவதும் இங்கே 4 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரைதான். சான் ஹோசேயில் வெயில் கொளுத்துகிறது என்று அரைக்கை சட்டையோடு வருகிறவர்கள் அரை மணியில் நடுங்குகிறார்கள். பெற்றோருக்குக் கட்டாயம் ஸ்வெட்டர், காதுக்கு ஒரு மப்ளர். புடவையில் தாராளமாக நடக்கலாம். நனைந்த பலகை வழுக்கும் என்பதால் செருப்பை விட ஷூ நல்லது.

உலகிலேயே உயரமான மரம் இங்கேதான் இருக்கிறதா?

இல்லை. மியூர் வுட்ஸின் மிக உயரமான மரம் 258 அடி. உலகின் மிக உயரமான மரம் ஹைபீரியன், சுமார் 380 அடி, 2006-ல் அடையாளம் கண்டார்கள், இங்கிருந்து வடக்கே பல மணி நேரப் பயணத்தில் ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அதைத் தேடிப் போகாதீர்கள். பாதையே இல்லாத இடத்தில் ஆட்கள் போய்ப் போய் அடிமரத்தைச் சுற்றியிருந்த பெரணியெல்லாம் அழிந்துபோய், 2022-ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சாதனை மரத்தோடு ஒரு படம் வேண்டும் என்ற ஆசை ஒரு மரத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அதுவே போதும். 258 அடி மரத்தின் அடியில் நிற்கும்போது 380-க்கு எவ்வளவு குறைச்சல் என்று கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

நடுவில் ஓட்டை போட்டு கார் போகிற மரமும் இங்கே இல்லை. படங்களில் பார்க்கிற அந்த யோசெமிட்டி மரம் வேறு இனம், ஜயன்ட் செகோயா, அதுவும் 1969-லேயே விழுந்துவிட்டது. செகோயா உடம்பு பெருத்தது, சியரா நெவாடா மலைகளில் வளர்வது. கடலோர ரெட்வுட் ஒல்லி, ஆனால் உயரம் அதிகம்.

இவ்வளவு உயர மரம் எப்படி விழாமல் நிற்கிறது? வேர் எவ்வளவு ஆழம்?

ஆழமே இல்லை. ஆணிவேர் கிடையாது. பெரும்பாலும் 6 முதல் 12 அடி ஆழம்தான், ஆனால் பக்கவாட்டில் 100 அடி வரைகூடப் பரவும். பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கும். இதனால்தான் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வேர்கள் மேலாக ஓடுகின்றன, ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகி, தண்ணீரும் காற்றும் உள்ளே போகாமல் மரத்துக்கு மூச்சு முட்டும். பலகைப் பாதையை நம் காலுக்கு வசதி என்று நினைக்கிறோம், அது மரத்தின் வேருக்காகவும் போட்டது.

மரங்கள் ஏன் வட்டமாக நிற்கின்றன? யாராவது நட்டார்களா?

யாரும் நடவில்லை. ரெட்வுட்டின் காய் ஒரு சின்ன ஆலிவ் அளவு, விதை தக்காளி விதை அளவு, அதில் முளைத்துத் தேறுபவை மிகக் குறைவு. அதைவிட நம்பகமான வழி ஒன்று இந்த மரத்திடம் இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி முண்டு முண்டாகப் புடைத்திருப்பதைக் கவனியுங்கள், அதற்குள் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தாய் மரம் எரிந்தாலோ முறிந்தாலோ அவை விழித்துக்கொண்டு சுற்றிலும் முளைவிடும். நூற்றாண்டுகள் கழித்துத் தாய் மரம் மக்கிப்போகும், பிள்ளைகள் வட்டமாக நிற்கும், நடுவில் வெற்றிடம். மரபணு அளவில் பார்த்தால் அவையெல்லாம் அந்தப் பழைய மரமேதான். இங்கே நிற்கும் பெரிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு 600 முதல் 800 வயது, மூத்ததற்கு 1,200-க்குக் குறையாது. ஒரு வட்டத்தின் வேர் அதைவிட எவ்வளவு பழையதோ!

அடிமரங்கள் கருகியிருக்கின்றனவே, சமீபத்தில் தீ வந்ததா?

இல்லை, பழைய காயம், 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கே பெரிய தீ எதுவும் வரவில்லை. முதிர்ந்த மரத்தின் பட்டை ஓரடி வரை தடிமன் இருக்கும், பிசின் கிடையாது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், அதனால் சீக்கிரம் பற்றாது, பூச்சியும் அண்டாது. பாதையை ஒட்டி நிற்கிற ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மரம் என்றால் கையில் படுகிற அந்தக் கெட்டித்தனம் இருக்காது, உரித்த தேங்காய் மட்டை மாதிரி நார் நாராக, லேசாக அமுங்கும். குளிர்ந்த காலையில்கூட கருங்கல் போலச் சில்லிடாது. உரித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

கலிபோர்னியாவில் கோடையில் மழையே கிடையாதே, பிறகு எப்படிப் பச்சையாக இருக்கிறது?

பனிமூட்டம். கோடையில் கடலிலிருந்து உள்ளே வருகிற மூட்டம் ஊசி இலைகளில் படிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது, இலைகளே கொஞ்சம் உறிஞ்சவும் செய்கின்றன. வட கலிபோர்னிய ரெட்வுட் காடு ஒன்றில் நடந்த ஆய்வில், காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைத்த தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பனிமூட்டச் சொட்டுதான் என்று தெரிந்தது. மரம் இல்லாத இடத்தில் அதே மூட்டம் சும்மா கடந்து போய்விடும். ஆக, மூட்டமான நாளில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று வருத்தப்படாதீர்கள், காடு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.

எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கிறது, பத்து நிமிடத்தில் சலித்துவிடாதா?

மேலே மட்டும் பார்த்தால் சலிக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால் இந்த நடையின் பாதி சுகம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. தரை முழுக்க மூன்று இதய வடிவ இலைகளோடு ஒரு செடி பரவியிருக்கும். நம் ஊரில் வரப்பிலும் தொட்டியிலும் தானாக முளைக்கிற புளியாரையின் சொந்தக்காரச் செடி அது. காட்டின் இருட்டுக்குப் பழகியது, நேர்வெயில் தாங்காது. மரங்களுக்கு நடுவே ஒரு துண்டு வெயில் நழுவி வந்து அதன் மேல் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று இலைகளும் குடை மடக்குவதுபோலக் கீழே மடங்கிவிடும், வெயில் நகர்ந்ததும் மெல்ல விரியும். ஒரே இடத்தில் பொறுமையாக நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓடி ஓடி நான்காவது பாலத்தைத் தொட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. பெற்றோரோடு மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், அந்த வேகம்தான் இந்தக் காட்டுக்குச் சரியான வேகம்.

ஈரமான நாளில் மஞ்சள் நிறத்தில், அரை அடி நீளம்கூட வருகிற ஓடில்லா நத்தையைத் தேடுங்கள். பனானா ஸ்லக் என்று பெயர், உதிர்ந்த இலையையும் காளானையும் தின்று மண்ணாக்குவது அதன் வேலை. குழந்தைகள் விடவே மாட்டார்கள். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

கரடி, பாம்பு, அட்டை ஏதாவது?

அட்டைத் தொல்லை இல்லை. முக்கியப் பாதையில் கரடி, பாம்பு என்று பயந்து நடக்க வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது பாய்சன் ஓக் என்ற செடி, மூன்று மூன்று இலையாக இருக்கும், பட்டால் தோல் தடித்து நாட்கணக்கில் அரிக்கும். உண்ணியும் உண்டு. இரண்டுமே பாதையை விட்டு இறங்குகிறவர்களைத்தான் பிடிக்கும்.

பறவைச் சத்தம் குறைவாக இருப்பது சிலருக்கு ஆச்சரியம். டானின் காரணமாகப் பூச்சி குறைவு, பூச்சி குறைந்தால் அதைத் தின்னும் பறவையும் குறைவு. மழைக்காலம் தொடங்கி ஓடையில் நல்ல தண்ணீர் வந்ததும், டிசம்பர், ஜனவரி வாக்கில் பாலங்களின் மேல் நின்று தண்ணீரைக் கூர்ந்து பாருங்கள். கோஹோ சால்மன் இந்த ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, மூன்று வயதில் முட்டையிட இங்கேயே திரும்பி வந்து செத்துப்போகும். இந்தக் கடற்கரையில் அழியும் நிலையில் உள்ள மீன் அது. 1930-களில் கரை அரிக்காமல் இருக்க ஓடையோரம் கல் அடுக்கினார்கள், அதனால் ஓடை வேகமெடுத்து குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனது. இப்போது அந்தக் கற்களை எடுத்துவிட்டு மரக்கட்டைகளைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓடையில் கிடக்கிற கட்டையைப் பார்த்து 'சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்களே' என்று நினைத்துவிடாதீர்கள்.

சுற்றிலும் எல்லாம் வெட்டப்பட்டபோது இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பியது?

முதல் காரணம், செங்குத்தான பள்ளத்தாக்கு, மரத்தை வெட்டினாலும் வெளியே கொண்டுவருவது சிரமம். 1849 தங்க வேட்டைக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ எழுந்ததே இப்படிப்பட்ட காடுகளை அறுத்துத்தான், கலிபோர்னியாவின் பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிச்சம் சுமார் 5 சதவீதம். 1905-ல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் இங்கே 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். 1907-ல் ஒரு தண்ணீர் நிறுவனம் ஓடையில் அணை கட்டப் பள்ளத்தாக்கைக் கேட்டு வழக்குக்குப் போனது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரி 9 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். உங்கள் பெயரையே வைக்கலாமே என்று ரூஸ்வெல்ட் கேட்டதற்கு கென்ட் மறுத்து, இயற்கையாளர் ஜான் மியூரின் பெயர்தான் வேண்டும் என்றார். தன் பெயரைத் தன் பிள்ளைகள் காப்பாற்றாவிட்டால் அது மறக்கப்பட்டே போகட்டும் என்று பதில் எழுதினார்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினரான பிறகு இதே கென்ட், ஆசியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதை எதிர்த்துப் பேசியவர். அவருக்கும் முன்னால் இந்தக் காட்டைக் காக்கப் பெண்கள் அமைப்பு ஒன்று குரல் கொடுத்திருக்கிறது, அதற்கெல்லாம் முன்னால் இது கடலோர மிவோக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 2021-ல் பூங்கா ஊழியர்கள் இந்த விவரங்களை அங்கிருந்த வரலாற்றுப் பலகையில் சேர்த்தார்கள், 2025-ல் அவை அகற்றப்பட்டன. பலகையில் இல்லாவிட்டாலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்லிக் கொடுக்கலாம்.

கதீட்ரல் குரோவில் பேசக் கூடாதாமே?

அமைதிப் பகுதி என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1945-ல் ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு நடந்தது, இந்தியக் குழுவுக்குத் தலைமை ஆற்காடு ராமசாமி முதலியார். மாநாடு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்திருந்தார். மே 19 அன்று மாநாட்டுப் பிரதிநிதிகள் இந்தத் தோப்பில் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள், அதன் நினைவுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. வீடியோ காலும் பாட்டும் வெளியே போய் வைத்துக்கொள்ளலாம்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டுங்கள், காட்டுக்குள் பிரிக்காதீர்கள். பாதையில் தண்ணீர் மட்டும்தான் அனுமதி. சிந்துகிற பருக்கைக்குக் காக்கையும் ஜே பறவையும் கூடும், கூடினால் பக்கத்துக் கூடுகளில் இருக்கிற முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது. நுழைவாயிலில் ஒரு கஃபே இருக்கிறது, கழிவறையும் அங்கேதான், உள்ளே போகும் முன் எல்லோரும் போய்விட்டு வந்துவிடுங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம், அதே சாலையில் சுமார் மூன்று மைல் தள்ளியிருக்கிற மியூர் பீச். மேஜைகள் உண்டு. நீங்கள் காலையில் ஒட்டி நடந்த அதே ஓடை அங்கேதான் கடலில் கலக்கிறது, சால்மன் உள்ளே வருகிற வாசலும் அதுதான்.

நாய், டிரோன், சைக்கிள்?

மூன்றும் கூடாது.

குழந்தைகளுக்கு ஏதாவது இருக்கிறதா?

ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். நடந்துகொண்டே நிரப்பிக் கொடுத்தால் ஒரு பேட்ஜ் தருவார்கள், அதற்காகவே இலையையும் பட்டையையும் உற்றுப் பார்ப்பார்கள். காயோ பட்டையோ எடுத்துவரக் கூடாது என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. வேறு எங்கே போகலாம்?

சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் இருக்கிறவர்களுக்கு சாண்டா குரூஸ் மலையில், ஃபெல்டனில் உள்ள ஹென்றி கவல் பூங்காதான் என் முதல் பதில். ரெட்வுட் குரோவ் பாதை 0.8 மைல், முழுக்கச் சமதளம், வயதானவர்களுக்கு மியூர் வுட்ஸை விடவும் எளிது. வடக்கே இருக்கிறவர்களுக்கு கெர்ன்வில்லில் உள்ள ஆம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸ், அங்கே 300 அடியைத் தாண்டிய மரமே உண்டு. கலிபோர்னியாவின் முதல் மாநிலப் பூங்காவான பிக் பேசின் 2020 ஆகஸ்ட் தீயில் ஏறக்குறைய முழுவதும் எரிந்தது, 2022-ல் ஒரு பகுதியைத் திறந்தார்கள். நிழலையும் குளிர்ச்சியையும் எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். கரிக்கட்டையாக நிற்கிற தண்டில் அடி முதல் மேல் வரை பச்சைத் துளிர் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க ஆசை இருந்தால், மற்ற இரண்டையும் விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள்.